மேக்னெட்டோ எஞ்சினுக்குச் சேராத கில் சுவிட்சை "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று விற்றது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு போன், ஆறு மின்னஞ்சல், வேலூரிலிருந்து உங்கள் கிண்டிக் கடைக்கு இரண்டு நடை ஆகிவிட்டது. இனியும் அலைய முடியாது என்பதால் எழுத்தில் தருகிறேன். எஞ்சின் தெரிந்த ஒருவர் கையில் இதைக் கொடுக்க வேண்டுகிறேன்.

உங்கள் விற்பனைப் பக்கத்தில், நீல உறை போட்ட கில் சுவிட்சுக்கு (ரிமோட்டால் எஞ்சினை நிறுத்தும் டப்பா) கீழே "எல்லா பெட்ரோல் ஆர்.சி எஞ்சினுக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கிறீர்கள். என் வண்டி ஆர்.சி, அதாவது ரிமோட்டில் ஓடும் மாடல் கார், நிஜக் காரில் 1/5 அளவு. எஞ்சின் செனோவா ஜி320ஆர்சி, 31.8 சிசி. வாங்கும் முன்பே இதை எழுதிக் கேட்டேன். "பொருந்தும் சார், தாராளமா வாங்கலாம்" என்று பதில் வந்தது. ரூ.4,850 கட்டினேன்.

உங்கள் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அது பேட்டரியில் ஓடும் சி.டி.ஐ இக்னிஷனுக்கானது (எஞ்சினுக்குப் பொறி தரும் மின்னணு அமைப்பு), அதாவது விமான மாடல் எஞ்சினுக்கானது. அங்கே பேட்டரியிலிருந்து இக்னிஷனுக்குப் போகும் கரண்டைத் துண்டித்தால் எஞ்சின் நிற்கும். என் கார் எஞ்சினில் இருப்பது மேக்னெட்டோ, அதில் துண்டிப்பதற்குப் பேட்டரியே கிடையாது. ஃப்ளைவீல் காந்தம் காயிலைக் கடக்கும்போது கரண்ட் அங்கேயே பிறக்கிறது. அதை நிறுத்த வேண்டுமானால் காயிலின் ஸ்டாப் வயரை எஞ்சின் உடம்போடு சேர்த்து எர்த் ஆக்க வேண்டும். சேர்ந்தால் நிற்கும், பிரிந்தால் ஓடும். உங்கள் சுவிட்ச் இதற்கு நேர் எதிர்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டியில் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் இரண்டு வயருக்கும் நடுவே பஸ்ஸர் மோடில் (இரண்டும் சேர்ந்திருந்தால் பீப் அடிக்கும்) வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. கரண்ட் போனதும் பீப் அடிக்க வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) தானாக மூடி வயர்களைச் சேர்க்க வேண்டும். அதுதான் மேக்னெட்டோவுக்கு உரிய கில் சுவிட்ச். கிண்டியில் உங்கள் மேசை மீதே வைத்து இதைக் காட்டினேன். அங்கிருந்தவர் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னா நாங்க என்ன சார் பண்றது, மூணாவது சேனலை ரிவர்ஸ் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார். ரிமோட்டில் இந்தச் சுவிட்சை இயக்கும் சேனலைத்தான் சொல்கிறார். 140 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவனுக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் காட்டவில்லை. அவர் பேச்சை நான் மறக்கப் போவதில்லை.

ரிவர்ஸ் செய்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் நிற்கும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதிர்வில் ரிசீவர் பிளக் கழன்றாலோ பேட்டரி இறங்கினாலோ டப்பாவும் செத்துவிடும், வயர் பிரிந்தே இருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். த்ராட்டிலைத் திறந்து மூடும் சர்வோ மோட்டாரும் அப்போது செத்துக் கிடக்கும். கார்புரேட்டரில் ரிட்டர்ன் ஸ்பிரிங் பலமாக இல்லாவிட்டால் திறந்த த்ராட்டில் திறந்தபடியே நிற்கும். 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி கூட்டத்துக்குள் புகுந்தால் யார் பொறுப்பு? போதாக்குறைக்கு, காயிலின் பிரைமரியில் (ஸ்டாப் வயர் சேரும் முதல் சுருளில்) நூறு வோல்ட்டுக்கும் மேல் துள்ளும். 6 வோல்ட்டுக்குச் செய்த மின்னணுச் சுவிட்ச் அதை எத்தனை நாள் தாங்கும்?

ஸ்டாண்டில் ஏற்றி, கால்வாசி த்ராட்டிலில் ரிசீவர் பேட்டரியைக் கழற்றினேன். நிற்கவில்லை. எஞ்சினில் உள்ள சிவப்புப் பட்டனை அமுக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. லட்ச ரூபாய் வண்டி, ஒரு சீசன் முழுக்க வீணாய்ப் போய்விட்டது. இந்த நஷ்டத்தை எந்தப் பணமும் ஈடுகட்டாது.

வயரிங் தப்பு என்று மறுபடி சொல்லாதீர்கள். எர்த் வயரை அனோடைஸ் செய்த சேஸிஸ் தகட்டில் மாட்டவில்லை, அந்தப் பூச்சில் கரண்ட் பாயாது என்பது எனக்குத் தெரியும். எஞ்சின் போல்ட்டிலேயே மாட்டியிருக்கிறேன். ஸ்பார்க் பிளக் என்ஜிகே சிஎம்ஆர்7எச், ரெசிஸ்டர் உள்ளது, ஆகவே ரேடியோ இரைச்சலும் காரணமில்லை. மூன்றாவது சேனலின் ஃபெயில்சேஃபை (ரிமோட் சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை) "நிறுத்து" நிலையில்தான் வைத்தேன். "கடைசி நிலையிலேயே இரு" என்று வைத்தால் எந்த கில் சுவிட்சும் ரிமோட் அணைந்ததை உணராது. உங்கள் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டப்பாவில் 6 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது. ரிசீவருக்கு 2 செல் லிப்போ பேட்டரி போடுபவர்கள் ஏராளம், முழுச் சார்ஜில் அது 8.4 வோல்ட். அதையும் விற்பனைப் பக்கத்தில் சொல்லவில்லை.

தங்கள் மீது மரியாதை வைத்தே கேட்கிறேன். ரூ.4,850-ஐயும் இரண்டு நடைக்கான செலவையும் திருப்பிக் கொடுங்கள். விற்பனைப் பக்கத்தில் "சி.டி.ஐ எஞ்சினுக்கு மட்டும்" என்று இன்றே மாற்றுங்கள், பணத்தைவிட இது அவசரம். இதே டப்பாவை நம்பி இன்னும் எத்தனை பேர் வண்டியை விடுகிறார்களோ.

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன். பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ரசீது, "தாராளமா வாங்கலாம்" என்ற மின்னஞ்சல், மீட்டர் வைத்து எடுத்த வீடியோ மூன்றும் கைவசம் உள்ளன. சுவிட்சைத் திருப்பி அனுப்பத் தயார், ஆனால் கூரியர் ஆளை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். கிண்டிக்கு மூன்றாவது முறை வர மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
வேலூர்