ஃபோர்லான் பெற்றது தங்கப் பந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உருகுவே கால்பந்து பற்றிய தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையில், அந்நாட்டு முன்வரிசை வீரர் டியகோ ஃபோர்லான் 2010 உலகக் கோப்பையில் தங்கக் காலணி (அதிக கோல் அடித்தவருக்கான பரிசு) வென்றதாக உள்ளது. அவர் வென்றது தங்கப் பந்து; தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தந்தது. காலணி ஜெர்மனியின் முல்லருக்குப் போனது. முல்லர், வில்லா, ஸ்னைடர், ஃபோர்லான் நால்வரும் ஆளுக்கு 5 கோல். முல்லர் 3 அசிஸ்டுகளால் (மற்றவர் கோலடிக்கத் தந்த பாஸ்களால்) முந்தினார்.

குழப்பம் வந்ததில் வியப்பில்லை. ஃபோர்லானிடம் இரண்டு காலணிகள் உண்டு. இரண்டும் ஐரோப்பிய நாடுகளின் லீக்குகளில் ஒரு பருவத்தில் அடித்த கோல்களின் கணக்கில் வந்தவை. அங்கே பெரிய லீக்குகளில் ஒரு கோலுக்கு 2 புள்ளி. 2004-05இல் ஸ்பெயின் கிளப் வில்லாரியலுக்காக 25 கோல், 50 புள்ளி. பரிசைப் பிரான்ஸ் வீரர் ஹென்றியுடன் பகிர்ந்துகொண்டார். 2008-09இல் இன்னொரு ஸ்பெயின் கிளப்பான அத்லெட்டிகோவுக்காக 32 கோல் அடித்துத் தனியாகவே வென்றார். அதன்பின் 2021 வரை ஸ்பெயின் லீக்கின் கோல் பட்டியலில் மெஸ்ஸி, ரொனால்டோ, சுவாரஸ் தவிர எவரும் முதலிடம் பிடிக்கவில்லை.

ஆனாலும் 2010 என்றால் ரசிகர்களுக்கு நினைவு வருவது, கோலாக இருந்த பந்தைக் கோட்டில் தடுத்து வெளியேற்றப்பட்ட உருகுவே வீரர் சுவாரஸின் கைதான். கானாவுக்கு எதிரான அந்தக் காலிறுதி கூடுதல் நேரம் வரை போனதே ஃபோர்லானின் ஃப்ரீ கிக்கால். அன்றைய ஜபுலானி பந்து எட்டே துண்டுகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தது. மேற்பரப்பு வழுவழுப்பு என்பதால், சுழற்சியின்றி வேகமாக உதைத்தால் காற்றில் தள்ளாடும். பலர் அதை வானத்துக்கு அனுப்பினார்கள். ஃபோர்லான் 55ஆவது நிமிடத்தில் அடித்ததை கோல்கீப்பர் கிங்சன் தவறாகக் கணித்தார். ஷூட்-அவுட்டில் முதல் பெனால்டியை அடித்ததும் ஃபோர்லானே. சுவாரஸ் தடையில் இருந்த அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகத் தொலைவிலிருந்து இடது காலால் ஒரு கோல். அவருக்கு இரண்டு காலும் ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் அவர் ஆடிய இடம். பிரான்சுடன் 0-0 ஆனதும், பயிற்சியாளர் தபாரெஸ் கவானியைக் களமிறக்கி, ஃபோர்லானை முன்வரிசைக்குப் பின்னால் இழுத்தார். அடுத்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 3-0 என வென்றார்கள். அதில் இரண்டு கோல் அவருடையவை.

இத்தனை ஆடியும் ஃபோர்லானின் புகழ் குறைந்ததற்கு நான் காணும் காரணங்கள் வேறு. மான்செஸ்டர் யுனைடெட்டில் முதல் கோலுக்கு 27 ஆட்டங்கள் ஆயின. இங்கிலாந்தில் அந்தக் கேலி ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பை கைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் 2010 இறுதியில் ஃபுல்ஹாமுக்கு எதிராக அத்லெட்டிகோவின் இரண்டு கோல்களையும் அவரே அடித்தார், இரண்டாவது 116ஆவது நிமிடத்தில். ஆனால் அந்தக் கோப்பையை யார் எண்ணுகிறார்கள்! உள்ளூரிலும் அவர் பெனரோல்காரர், சுவாரஸோ அதன் பரம எதிரிக் கிளப் நசியோனலில் வளர்ந்தவர். உருகுவே தலைநகர் மொன்டேவீடியோவில் பாதி ஊருக்கு அவரை ஒதுக்க அதுவே போதும்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று: 2016இல் அவர் மும்பை சிட்டிக்கு ஆடினார். 37 வயதில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தார், மும்பை 5-0 என வென்றது.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து வாசகர்