பிரைட்டன் பீச் பயணம்: வரும் சனிக்கிழமை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், தென்கோடியில் உள்ள பிரைட்டன் பீச்சுக்குச் செல்ல முடிவு செய்துள்ளோம். வார இறுதியில் பி ரயில் ஓடாது என்பதால், காலை 10 மணிக்கு டைம்ஸ் ஸ்கொயர் நிலையத்தின் கியூ ரயில் நடைமேடையில் கூடுவோம். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

1970களில் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய யூதர்கள், குறிப்பாக உக்ரைனின் துறைமுக நகரான ஒடேசாவைச் சேர்ந்தவர்கள், பெருமளவில் குடியேறியதால் 'குட்டி ஒடேசா' என்று பெயர்பெற்ற பகுதி இது. இன்று உக்ரைனியர், ஜார்ஜியர், உஸ்பெக்கியர் எனப் பலரும் அங்கு ரஷ்ய மொழி பேசி வாழ்கிறார்கள். ஆகவே எதிர்ப்படும் எல்லாரையும் ரஷ்யர் என்று எண்ணிப் பேச வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்துப் போர் மூண்டபின், ரஷ்யாவின் பெயரைத் தாங்கியிருந்த மளிகைக் கடை ஒன்று தன் பெயர்ப்பலகையையே மாற்றிக்கொண்டது. அந்த மக்களின் வலியை நாம் மதிக்க வேண்டும்.

தலைக்கு மேலே ரயில் தடதடத்துச் செல்லும் பிரைட்டன் பீச் அவென்யூவில்தான் அதிக நேரம் செலவிடுவோம். புகையூட்டிய மீன், கறுப்பு ரை ரொட்டி, எடைபோட்டு விற்கும் மிட்டாய்கள், சுடச்சுடக் கிடைக்கும் பிரோஷ்கி எனும் பூரணம் வைத்த பன் ஆகியவற்றை அவசரமின்றிப் பார்த்து வாங்கலாம். சைவ உணவினருக்கு, உருளைக்கிழங்கு மசியலை மாவில் பொதிந்து வேகவைத்து, வதக்கிய வெங்காயம் தூவித் தரும் வரேனிகி மிகவும் ஏற்றது. பீட்ரூட் சூப்பான போர்ஷ் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் தயாராவதால், விசாரித்த பின்பே வாங்குங்கள்.

மாலையில் கடலோர மரப்பலகை நடைபாதை வழியே பக்கத்திலுள்ள கடற்கரைக் கேளிக்கைப் பகுதியான கோனி ஐலண்டு வரை நடப்போம். வர விரும்புவோர், குழந்தைகளையும் சேர்த்து எத்தனை பேர் என்பதை வியாழன் இரவுக்குள் இக்குழுவில் தெரிவிக்கவும்.