மேலே கம்பி இல்லாத ரயில்

தருமபுரி
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ் கிருஷ்ணகிரி தாண்டும் முன்பே அம்மா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பெங்களூர் பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறும்போது, “மேலே கம்பியே காணோமே, வண்டி எதுல ஓடுது?” என்று அம்மா கேட்டாளே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நீ என்னைக் கைகாட்டிச் சிரித்தாய். “கீழே இருக்குது” என்றேன், அதற்குள் கதவு மூடிவிட்டது. கரண்ட் கம்பம் ஏறியே காலம் தள்ளியவன் சொல்கிற பதிலா அது!

நம் ஊர் ஸ்டேஷனில் பார்த்திருப்பாய், தண்டவாளத்துக்கு மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். சென்னை மெட்ரோவிலும் அதே 25,000 தான். பெங்களூரிலோ தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போகிறது. அதில் 750 வோல்ட், அதுவும் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டை அதை உரசியபடியே கரண்ட் எடுக்கும். கொல்கத்தாவில் 1984-ல் ஓட ஆரம்பித்த மெட்ரோவும் இந்த வகைதான்.

750 என்றால் கம்மிதானே என்று நினைக்காதே. வண்டி கிளம்பும்போது 1,500 கிலோவாட் இழுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 25,000 வோல்ட்டில் அதற்கு 60 ஆம்பியர் போதும். 750-ல் 2,000 ஆம்பியர் வேண்டும்! அத்தனை ஆம்பியரை மெல்லிய கம்பி தாங்காது, அதனால்தான் தண்டவாளம் மாதிரி கனமான கம்பி. தூரம் போனால் வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு சப்ஸ்டேஷன் வைத்து, திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றிக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். செலவுதான். ஆனால் சுரங்கத்தை அவ்வளவு உயரமாகக் குடைய வேண்டாம், பாலத்தின் மேல் கம்பம் நட வேண்டாம்.

எனக்கு ஆச்சரியமான விஷயம் வேறு. எடுத்த கரண்ட் சக்கரம் வழியாக, வண்டி ஓடுகிற தண்டவாளத்தில் இறங்கித்தான் சப்ஸ்டேஷனுக்குத் திரும்புகிறது. நாங்கள் எர்த், எர்த் என்று உயிரை விட்டவர்கள். இங்கே அந்தத் தண்டவாளத்தை மண்ணோடு ஒட்டவிடாமல் ரப்பர் வைத்துப் பிரித்து வைப்பார்கள். டி.சி. மண்ணில் கசிந்தால் பக்கத்தில் இருக்கிற இரும்புக் குழாய், பாலத்தின் கம்பி எல்லாவற்றையும் அரித்துவிடுமாம். சர்வீஸில் இருந்தவரை இது எனக்குத் தெரியாது.

வண்டி ஸ்டேஷனுக்குள் வேகம் குறையும்போது ஒரு முனகல் கேட்கும், கவனித்துப் பார். அப்போது மோட்டாரே டைனமோவாக மாறி கரண்டைத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் இன்னொரு வண்டி கிளம்பினால் அது எடுத்துக்கொள்ளும், மடை திருப்பிவிட்ட தண்ணீர் மாதிரி. எடுக்க ஆள் இல்லையென்றால் பெரும்பாலும் சூடாகி வீணாகத்தான் போகும்.

சரி, இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. அன்றைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தாயே, எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அந்த மூன்றாவது தண்டவாளத்தின் மேலே மூடி இருப்பது மழைக்கும் கைகால் படாமல் இருக்கவும்தான். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். வண்டி இல்லாத நேரத்திலும் அதில் கரண்ட் இருக்கும். லைனில் வேலை செய்ய அனுமதியான எல்.சி. வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இழுத்து, கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டாமல் நான் ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை. போன் கீழே விழுந்தால் ஸ்டேஷனில் இருக்கிறவர்களிடம் சொல், அவர்கள் எடுத்துத் தருவார்கள். நீ இறங்காதே.

அம்மா கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தம்பி புதன்கிழமை ஓசூர் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டதும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா