43ஆம் பக்கத்துப் படத்தில் இருப்பவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐம்பதுகளின் தமிழ் சினிமா பற்றிய கட்டுரையோடு, 43ஆம் பக்கத்தில் 'பராசக்தி' படத்துப் புகைப்படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். கீழே இப்படி அச்சாகியிருந்தது: 'சிவாஜி கணேசன், எஸ்.எஸ்.ராஜேந்திரன் மற்றும் ஒருவர்.'

அந்த ஒருவர் எஸ்.வி.சகஸ்ரநாமம். இதை நான் தங்களுக்கு எழுதிச் சொல்ல வேண்டி வந்ததே எனக்கு வருத்தம். தங்களுக்குத் தெரியாத பெயர் அல்ல. தெரிந்தவர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி நடக்கிறது என்பதுதான் மனசை உறுத்துகிறது. பத்திரிகை வந்த அன்று மூன்று முறை அந்த வரியைப் படித்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

1952 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் சந்திரசேகரன், நீதிபதி. அந்த வேஷம் சகஸ்ரநாமத்துடையது. தங்கை கல்யாணி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள், விசாரிப்பவர் அவளுடைய அண்ணன். கலைஞரின் வசனத்தையும் சிவாஜியின் குரலையும் இன்றைக்கும் எல்லாரும் சொல்லிக் காட்டுகிறார்கள். சரி, சொல்லட்டும், நானும் சொல்வேன். ஆனால் அந்த வசனம் விழுவதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். நீதிபதி நாற்காலியில் இருந்த அந்த முகத்தை ஒருமுறை மட்டும் பார்த்துக்கொண்டே படத்தை ஓட்டிப் பாருங்கள். கேட்பதும் நடிப்புதான் என்று நான் முப்பது வருஷம் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதை வைத்துத்தான்.

சிங்காநல்லூர்க்காரர் அவர். 1913இல் பிறந்தவர். பையனாக இருக்கும்போதே டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபா என்ற நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனி அது. பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டை விட்டு வந்த பிள்ளைகள். பாடம், பாட்டு, ஒத்திகை, இரவெல்லாம் நாடகம், ஊர் ஊராக மூட்டை கட்டுதல். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் சொல் கேட்க வேண்டும், அதே சமயம் கத்தவும் கூடாது. தங்கள் படத்தில் இருக்கும் மூன்று பேருமே அப்படி நாடகக் கம்பெனிகளில் வளர்ந்து வந்தவர்கள். எஸ்.எஸ்.ஆர். இதே டி.கே.எஸ். கம்பெனி, சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி. மூவரையும் சேர்த்து வைத்த ஒரு படத்தில் மூத்தவருக்கு மட்டும் பெயர் இல்லை.

பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கைதானார். அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய நாடகக் குழுவை நடத்தியவர் சகஸ்ரநாமம். கலைவாணருக்குச் சென்னையில் அரங்கம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்தக் கஷ்ட காலத்தில் கூட நின்றவரை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

அப்புறம் அவருடைய சொந்த நாடகக் குழு, சேவா ஸ்டேஜ். என் மனசில் அவர் சினிமா நடிகரே அல்ல, சேவா ஸ்டேஜ் சகஸ்ரநாமம்தான். பி.எஸ்.ராமையாவின் 'தேரோட்டி மகன்', 'மல்லியம் மங்களம்', 'போலீஸ்காரன் மகள்', தி.ஜானகிராமனின் 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்', பாரதியின் 'பாஞ்சாலி சபதம்', இவையெல்லாம் மேடையேறியது அவரால். புராணமும் சரித்திரமும் பார்த்துப் பழகிய சபைக்கு முன்னால், 'மணிக்கொடி' இலக்கியப் பத்திரிகையில் எழுதிய ராமையாவைக் கூட்டிவந்து நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும். படத்தில் சம்பாதித்ததை நாடகத்தில் போடுகிறார் என்று என் மாமா அடிக்கடி சொல்வார். முத்துராமன் அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தானே!

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது, கோடை லீவுக்குத் திருவல்லிக்கேணியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். 'போலீஸ்காரன் மகள்' நாடகத்துக்கு அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைசிக்கு முந்தின வரிசை, மடக்கு நாற்காலி. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது. வீடு திரும்பும்போது மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கும் விமர்சனம் சொல்லாமல் இருக்காத மனுஷன் அவர். பிறகு 1962இல் அது ஸ்ரீதர் இயக்கத்தில் படமாக வந்து, சகஸ்ரநாமமே போலீஸ்காரராக நடித்தபோது, எங்கள் ஊர்க் கொட்டகையில் நான்கு முறை பார்த்தேன். நான் தமிழ் படிக்கப் போனதற்கு அந்த ஒரு ராத்திரிதான் காரணம் என்று சொன்னால் என் வீட்டில் இப்போதும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

தாங்கள் 2021இல் ஜானகிராமன் நூற்றாண்டுக்குச் சிறப்பு மலர் போட்டீர்கள். முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கினேன். 'மோகமுள்', 'அம்மா வந்தாள்' பற்றி அவ்வளவு பக்கங்கள். அவருடைய நாடகங்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. 'நாலு வேலி நிலம்' 1959இல் படமாகவும் வந்தது என்ற தகவலும் இல்லை. அப்போதே நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு முன்னால் ஒரு துணுக்கில், டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான அவ்வை டி.கே.சண்முகத்தை, 'கமல் படத்தலைப்பில் வரும் பெயர்' என்று எழுதியிருந்தீர்கள். கமலைச் சிறுவயதில் மேடையேற்றிய வாத்தியாருக்கு அந்த அறிமுகம் போதுமா? அதற்கும் ஒரு கடிதம் போட்டேன்.

தங்களை மட்டும் சொல்லவில்லை. டிவியில் பழைய படம் போட்டால் எழுத்துப் போடும் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். யார் யார் நடித்தார்கள் என்று ஒரு பிள்ளை எப்படித் தெரிந்துகொள்ளும்? நான் வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பாஞ்சாலி சபதத்தில் சூதாட்டக் காட்சியை மட்டும் போடலாம் என்று கேட்டேன். பிள்ளைகள் வசனமெல்லாம் பாடம் செய்துவிட்டார்கள். கடைசியில் நேரம் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆறு சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் வைத்தார்கள். துரியோதனன் வேஷம் கட்ட இருந்த பையன் அழுதுகொண்டு வந்து என்னிடம் நின்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். ஓய்வு பெற்ற பிறகு ராமையாவின் நாடகங்களைத் தேடி ஒரு நூலகத்துக்குப் போனால், யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துவிட்டோம் என்றார்கள். எடுக்கத்தான் ஐயா நான் வந்திருக்கிறேன் என்றேன்.

போன மாதம் சிங்காநல்லூரில், குளத்துக்குப் போகிற வழியில், டீக்கடையில் இருந்த நாலைந்து பேரிடம் சகஸ்ரநாமத்தைப் பற்றி விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மறைந்தது 1988இல். அங்கே இருந்த இளைஞர்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான் சொல்லியிருக்க வேண்டும், தாங்கள் சொல்லியிருக்க வேண்டும். தாங்களோ 'மற்றும் ஒருவர்' என்று போட்டுவிட்டீர்கள்.

சிறப்பு மலர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் எந்த மூலையிலாவது, எவ்வளவு சின்ன எழுத்திலாவது, 43ஆம் பக்கத்துப் படத்தில் மூன்றாவதாக இருப்பவர் எஸ்.வி.சகஸ்ரநாமம் என்று ஒரு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த வரி வந்தால் போதும். படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அந்த வரியையும் வெட்டி அதன் கீழே ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஒண்டிப்புதூர், கோவை.