திம்பம் ஒன்பதாவது வளைவிலிருந்து ஒரு மடல்

பாட்டுச் செயலி நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. யார் என்று உங்களுக்கே தெரியும். ‘உங்கள் சந்தா வரும் 18-ஆம் தேதி புதுப்பிக்கப்படும்’ என்று ஒரே வாரத்தில் எனக்கு மூன்று மெயில் போட்டவர்கள் நீங்கள்தான். மூன்றாவது மெயிலின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், கட்டணம் கொஞ்சம் கூடுகிறது என்றும் சொல்லியிருந்தீர்கள். சொன்னதற்கு நன்றி.

தொடர்ந்து கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குமுன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அரட்டைப் பெட்டியில் கேட்டுப் பார்த்தேன். ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற ஒரே பதில் நான்கு முறை வந்தது. அந்தப் பக்கம் இருப்பது ஆளா மிஷினா என்று தெரியாததால், நாலு பேர் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். காசு கட்டி நான் போனில் இறக்கி வைத்த பாட்டை நீங்கள் எடுப்பதாக இருந்தாலும் பூட்டுவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் சத்தியமங்கலத்துக்காரன். தாளவாடி மலைக்குக் காலி வண்டியை ஏற்றிப்போய், முட்டைக்கோஸும் பீட்ரூட்டும் ஏற்றி, கோயம்புத்தூர் மார்க்கெட்டில் இறக்குவது என் தொழில். புலிகள் காப்பகம் என்பதால் திம்பம் மலைப்பாதையில் இரவில் சரக்கு வண்டி ஓட்டத் தடை. காலை ஆறு மணிக்குப் பண்ணாரி சோதனைச்சாவடி கேட் திறக்கும். முன்வரிசையில் நிற்க வேண்டுமென்றால் நாலு, நாலரைக்கே போயாக வேண்டும். அதற்கு நான் மூன்று மணிக்கு எழ வேண்டும். பாட்டு எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, கண் சொக்காமல் இருக்க வழி. மலையில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் அசந்தால் போதும்.

மலையேறினால் எஃப்.எம். இரைய ஆரம்பித்துவிடும். போனில் சிக்னலும் கிடைக்காது. அதனால்தான் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதிக்காகப் போன வருடம் உங்களிடம் ஒரு வருடச் சந்தா கட்டினேன். வீட்டில், “ஏனுங்க, ரேடியோவுல பாடாத பாட்டையா காசு குடுத்துக் கேக்கப் போறீங்க?” என்று கேட்டார்கள். சமாளித்தேன். சிம் இல்லாத பழைய போன் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 212 பாட்டுகளை இறக்கி, வண்டியிலேயே வைத்துவிட்டேன். எப்போதாவதுதான் அதை வீட்டு வைஃபையில் போடுவேன்.

போன மாதம் ஒரு நாள், ஒன்பதாவது வளைவில் எங்களுக்கு முன்னால் போன பெரிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. அந்தப் பாதையில் இது வாராவாரம் பார்க்கிற கதைதான். கிரேன் வர வேண்டும். முன்னாலும் பின்னாலும் வண்டி வரிசை. இறங்கி நிற்கலாமென்றால் காட்டுக்குள் ஏதோ கிளை முறிகிற சத்தம். யானை என்றார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தோம். சரி, பாட்டாவது கேட்போம் என்று போனை எடுத்தால், 212 பாட்டுக்கும் பக்கத்தில் இருந்த பச்சைக் குறி காணோம். ‘இணையத்தில் இணைந்து உங்கள் சந்தாவை உறுதிசெய்யவும்’ என்று மட்டும் இருந்தது. இணையமா? அந்த வளைவிலா?

முப்பது நாளைக்கு ஒருமுறை செயலியை இணையத்தில் திறந்து காட்ட வேண்டுமாம். பிறகு விதிகளைத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டவர்களுக்கு, நான் கட்டியிருக்கிறேனா இல்லையா என்று மாதாமாதம் சந்தேகம் வருகிறது.

என் கிளீனர் பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். “அண்ணா, நம்மகிட்ட இருக்குங்ண்ணா” என்று சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றி ஸ்டீரியோவில் செருகினான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து செல்போன் கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்துப் பாட்டு ஏற்றியது. திருட்டுப் பாட்டுதான், மறுக்கவில்லை. அது பாடியது. மூன்றரை மணி நேரம், ஒரு விளம்பரம் இல்லாமல், யாரிடமும் எதையும் உறுதிசெய்யச் சொல்லாமல் பாடியது. காசு கட்டிய என் போன் டேஷ்போர்டில் வாய்மூடிக் கிடந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. ஏனென்றால், “பாட்டு எழுதுனவங்களுக்கும் பாடுனவங்களுக்கும் காசு போகணும்டா, திருட்டுத்தனமா கேக்கக் கூடாது” என்று அவனுக்கு மாதக்கணக்கில் வகுப்பு எடுத்தவன் நான்.

மலை இறங்கி, வீட்டு வைஃபையில் போட்டதும் பாட்டுகள் திரும்பி வந்தன. எல்லாம் இல்லை, 181. மீதி 31 பாட்டுகளின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட்டால் அசையவில்லை. உங்களுக்கும் ஆடியோ கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிந்திருக்கும். அது உங்கள் வியாபாரம், எனக்குப் புரிகிறது. முடிகிற தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்தானே? ‘இந்த 31 பாட்டும் இந்தத் தேதியோடு போகிறது’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. புதுப்பிக்க மூன்று மெயில் போடத் தெரிந்தவர்களுக்கு நாலாவது மெயிலா பாரம்?

ஆட்டோபேயில் என் கணக்கிலிருந்து பணம் எடுப்பதாக இருந்தால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. பாட்டை எடுக்க 24 நிமிடம் முன்னால்கூடச் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. அதற்கும் ரிசர்வ் வங்கிதான் வர வேண்டுமா?

சந்தாவை ரத்து செய்யும் பொத்தானைத் தேடியது தனிக்கதை. ‘நிச்சயமாகவா?’ ‘போகாதீர்கள்’ ‘இதையெல்லாம் இழப்பீர்கள்’ என்று ஐந்து திரை. சந்தாவில் சேர ஒரே திரைதான். உள்ளே விட்டு வெளியே விடாத இந்த வேலைக்கு ‘சந்தாப் பொறி’ என்றே பெயர் வைத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட 13 ஏமாற்று உத்திகளின் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறது. படித்திருப்பீர்கள்.

சொல்ல வந்துவிட்டேன், இதையும் கேளுங்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் மழைக்கும் மலைக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பல பாட்டுகளில் நடிகர் படம் இருக்கிறது, எழுதிய கவிஞர் பெயர் இல்லை. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றார்கள். யாருக்குப் பங்கு என்று பெயராவது போட வேண்டாமா? நான் கட்டுகிற பணம் நான் கேட்கிற பாடகர்களுக்கே போகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்களைப் போன்ற பெரும்பாலான செயலிகளில் எல்லார் பணமும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தத்தில் எது அதிகம் ஓடியதோ அதற்கே அதிகம் போகுமாம். நான் வருடம் முழுக்க ஐம்பது வருடத்துப் பழைய பாட்டாகக் கேட்டாலும், என் காசில் பெரும்பங்கு இந்த வாரத்துக் குத்துப்பாட்டுக்குத்தான். குத்துப்பாட்டு மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏற்றத்தில் கண் சொக்கும்போது அதுவும் வேண்டும்.

‘இலவசமாகக் கேளுங்களேன்’ என்பீர்கள். கேட்டவன்தான். பாட்டுக்கு நடுவில் வரும் விளம்பரம் பாட்டைவிடச் சத்தம். அதுவும் எதற்கு விளம்பரம்? விளம்பரம் வராமல் இருக்கச் சந்தா கட்டு என்பதற்கு.

வேறு செயலிக்குப் போகலாம்தான். ஆனால் கானா என்ற செயலி 2022-இல் இலவசக் கதவைச் சாத்தியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே வருடம் விங்க் மியூசிக்கும் மூடியது. அங்கெல்லாம் உட்கார்ந்து வருடக்கணக்கில் பட்டியல் போட்டு வைத்தவர்கள் எத்தனை பேரோ. நான் ஒவ்வொரு கடையாக ஏறி, 212 பாட்டையும் முதலிலிருந்து பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன். கட்டணத்தை ஏற்றியதைக் குறைக்கச் சொல்லவில்லை. பாட்டுகள் எனக்கே சொந்தம் என்றும் வாதாடவில்லை. எடுப்பதற்கு முன், பூட்டுவதற்கு முன் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். சிம் இல்லாத போனுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள், பணம் கேட்டு மெயில் வந்த அதே முகவரிக்குச் சொல்லுங்கள்.

ஆட்டோபேயை ரத்து செய்யவில்லை, நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். உங்கள் பதில் 18-ஆம் தேதிக்குள் வந்தால் மறுபடி ஓடவிடுவேன். பையனிடம் எடுத்த வகுப்பையும் அங்கிருந்து தொடர்வேன். பதில் ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்றுதான் வருமென்றால், அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தாளவாடி லோடு வண்டிக்காரன்,
சத்தியமங்கலம்.

பி.கு.: காணாமல் போன 31 பாட்டுகளின் பட்டியலை உங்கள் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் கேசட்டுக்கு எழுதிக் கொடுத்த மாதிரியே, ஒரு பக்கத் தாளில், வரிசை எண் போட்டு, படத்தின் பெயரோடு. அங்கே ஒரு பாட்டு கிடைக்காவிட்டால் பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதித் தருவார்கள்.