யாருமில்லாத வீட்டுக்கு வெந்நீர்

அன்புள்ள மகளுக்கு,

பழைய கீசரைக் கழற்றிவிட்டு, தொட்டி இல்லாத ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மின்கட்டணம் பாதியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். பாதியெல்லாம் ஆகாது அம்மா.

20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். தொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கணக்குதான். மிச்சமாவது வேறோர் இடத்தில். தொட்டிக்குள் சும்மா கிடக்கும் வெந்நீர் மெல்ல ஆறுகிறது. ஆற ஆற கீசர் தானே விழித்துக்கொண்டு மறுபடி சூடாக்குகிறது. காலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு, மத்தியானம் நம் கீசரின் மேல் கை வைத்துப் பார்த்திருக்கிறாயா? வெதுவெதுவென்று இருக்கும். அந்த வெதுவெதுப்புக்குத்தான் நாம் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒருமுறை அதை அணைக்க மறந்து ஒரு வாரம் வெளியூர் போய்விட்டோம். திரும்பி வந்து குழாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது. யாருமில்லாத வீட்டுக்கு ஏழு நாள் வெந்நீர்! உன் அம்மா இன்றுவரை அந்தப் பழியை என் தலையில்தான் போடுகிறாள். சுவிட்ச் இருவருக்கும் எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

இந்தச் செலவு புது வகையில் இல்லை. குழாயைத் திறந்தால்தான் அது வேலை செய்யும். நாளுக்கு ஏறத்தாழ 155 லிட்டருக்குள் வெந்நீர் செலவாகும் வீட்டில் அதன் திறன் 24 முதல் 34 சதவீதம் வரை கூடுதல் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. 325 லிட்டர் செலவழிக்கும் பெரிய குடும்பத்தில் அது 8 முதல் 14 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே தொட்டித் தண்ணீர் ஆறுவதற்குள் யாராவது குளித்துவிடுகிறார்கள் அல்லவா? நீங்கள் இருவர்தான் என்பதால் உங்களுக்கு லாபம் உண்டு.

ஆனால் இதைக் கவனி. 3 கிலோவாட் ஹீட்டர், தண்ணீரை 25 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் தரும். நூல் போல விழும். வாளி நிறையக் காத்திருக்க வேண்டும். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்ட வேண்டுமென்றால் 14 கிலோவாட் தேவை. அதற்குத் தனி வயரிங், தனி பிரேக்கர் வேண்டும். அந்தச் செலவைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். எரிவாயுவில் ஓடுவது என்றால் புகை வெளியே போகக் குழாய் வைத்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

உப்புத் தண்ணீர் என்றால் உள்ளே உப்பு படியும், அவ்வப்போது கழுவவேண்டும். ஹீட்டரைக் குளியலறையை ஒட்டியே மாட்டச் சொல். எட்டத்தில் வைத்தால், வெந்நீர் வந்து சேர்வதற்குள் குழாயில் நிற்கும் பச்சைத்தண்ணீரெல்லாம் வீணாகும்.

இப்போதைக்கு ஒன்று செய். ஷவருக்கு அடியில் வாளியை வைத்து, சரியாக ஒரு நிமிடம் திறந்து விட்டு, எத்தனை லிட்டர் விழுகிறது என்று அளந்து எழுது. கீசரைக் குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, குளித்ததும் அணைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார். அந்தக் கட்டண ரசீதைப் பார்த்த பிறகு பேசுவோம். அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா