உன் பாதங்களைச் சோழி பார்க்கிறது

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. கூடவே நீ அனுப்பிய பயிற்சி வீடியோவையும் நான்கு முறை போட்டுப் பார்த்தேன். உன் நாய் சோழி அஜிலிட்டிப் பயிற்சியில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வேண்டுமென்றே டன்னலுக்குள், அந்தக் குழாய்த் தடைக்குள், ஓடிவிடுகிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். ஏழாவது தடையைத் தாண்டி அது தரையில் இறங்கும் அந்த ஒரு நொடியில் வீடியோவை நிறுத்திப் பார். நீ "ஜம்ப்" என்றுதான் கூப்பிடுகிறாய்; ஆனால் உன் இடது தோளும் இரண்டு கால்களின் நுனியும் டன்னலின் வாயை நோக்கியே திரும்பியிருக்கின்றன. வாய் ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால், நாய் உடம்பைத்தான் நம்பும். சோழி உன் பேச்சை மீறவில்லை. உன் கால்கள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது.

1978ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர்களின் பொழுதைப் போக்குவதற்காக, குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து அமைக்கப்பட்டதுதான் இந்த அஜிலிட்டி, நாய்களின் தடை ஓட்டம். ஆனால் குதிரைக்காரருக்குக் கையில் கடிவாளம் இருக்கிறது. நமக்கோ, சர்வதேச நாய்ச் சங்கமான எஃப்.சி.ஐ.யின் விதிகளின்படி, நாயைக் கயிற்றில் பிடித்து ஓடக் கூடாது. கையில் தின்பண்டமோ பொம்மையோ வைத்திருக்கக் கூடாது. நாயைத் தொடவும் கூடாது. குரலையும் உடம்பையும் தவிர நம்மிடம் வேறு எதுவும் இல்லை, அதிலும் குரல் எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது.

போட்டிக்கு முன் களத்தை நாயில்லாமல் நடந்து பார்க்கச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். அந்த நேரத்தைத் தடைகளின் எண்களை மனப்பாடம் செய்வதிலேயே பலர் செலவழித்துவிடுகிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தேன். எண்கள் நமக்கு மட்டுமே. நாய் அந்தப் பாதையை முதன்முதலாகப் பார்ப்பது ஓடத் தொடங்கிய பிறகுதான், அதுவும் முழு வேகத்தில். ஆகவே எந்த இடத்தில் நீ பக்கம் மாறப் போகிறாய், அப்போது உன் மார்பு எந்தத் திசையைப் பார்த்திருக்கும் என்பதை நடந்து நடந்து கால்களுக்குப் பழக்கு. நாய்க்கு முன்னால் குறுக்கே திரும்பிப் பக்கம் மாறுவதாக இருந்தால், நாய் தாண்டுவதற்குத் தரையை விட்டு எழும் முன்பே திரும்பி முடித்திருக்க வேண்டும். அது காற்றில் இருக்கும்போது நீ திரும்பினால், அகலமாகப் போய் இறங்கும், அல்லது குறுக்குக் கம்பைத் தட்டிவிடும். இரண்டாவது நடந்தால் ஐந்து தவறுப் புள்ளிகளும் சேரும்.

இதையெல்லாம் நான் ஏதோ தவறே செய்யாதவனைப் போல எழுதுவதாக நினைக்காதே. என் நாய் வண்டுவைப் பற்றி உனக்கு இன்னும் சொல்லவில்லை. சென்ற மாதப் போட்டியில் வீவ் போல்களில், அதாவது வரிசையாக நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓட வேண்டிய தடையில், பன்னிரண்டு கம்பங்களையும் தூக்கத்தில்கூடப் பின்னிப் போகிற அந்த நாய், பத்தாவது கம்பத்தோடு வெளியே வந்துவிட்டது. மறுபடியும் முதல் கம்பத்திலிருந்து விட்டேன். மறுபடியும் பத்தாவதில் வெளியேறியது. எனக்குக் கோபம் வந்து, அத்தனை பேர் முன்னால் குரலை உயர்த்திவிட்டேன். அது காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, என் முகத்தைப் பார்க்காமல், என் கால் அருகில் வந்து நின்றது. அன்று இரவு காரிலிருந்து இறங்கும்போது வலது முன்காலை ஊன்றத் தயங்கியதைக் கண்ட பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுபோனேன். தோள்தசையில் பழைய காயம் என்றார். அறுபது அறுபது சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் கம்பங்களுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் உடலை முறுக்க அந்தத் தோள்தான் தாங்க வேண்டும். பத்துக் கம்பம் வரை அது வலியைப் பொறுத்திருக்கிறது. அதற்கு ஒன்பது வயதாகிறது. இனிப் போட்டிகளுக்கு அழைத்துப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தோட்டத்தில் போட்டிருக்கும் டன்னலுக்குள் மட்டும், அதற்குத் தோன்றும்போது, மெதுவாக நுழைந்து வெளியே வருகிறது.

சோழிக்குப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. எஃப்.சி.ஐ. போட்டிகளில் பதினெட்டு மாதம் நிறையாத நாயை அனுமதிப்பதே இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது: எலும்பின் வளரும் முனைகள் மூடுவதற்குள் உயரமாகத் தாண்டவிட்டால் மூட்டுகள் பாதிக்கப்படும். வீடியோவில் உன் கம்புகள் எனக்கு உயரமாகத் தெரிகின்றன. இப்போதைக்குத் தரையோடு தரையாகப் போட்டுத் திருப்பங்களை மட்டும் பழக்கு. சீசா என்னும் ஏற்ற இறக்கப் பலகைக்கு அவசரமே வேண்டாம். பலகை தரையில் மோதும் சத்தத்துக்கு ஒரு முறை பயந்துவிட்டால், பிறகு அதன் அருகே கொண்டுபோகவே பாடாகிவிடும்.

அடுத்த முறை வீடியோ எடுப்பவரிடம் சோழியை மட்டும் துரத்திக்கொண்டு எடுக்க வேண்டாம் என்று சொல். உன் கால்கள் கடைசி வரை படத்தில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா